தவிட்டு மெழுகும் சோள மெழுகும்: பிரித்தெடுப்பது முதல் உள்ளே இருப்பதை அளப்பது வரை

கடலூர், புதுச்சேரி பக்கம் வேதியியலோ உயிர்வேதியியலோ படிக்கிறவர்கள் முதுகலை ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்டால், தானிய மெழுகை, அதாவது தானியத்தின் மேல்தோலில் இருக்கும் மெழுகை, எடுங்கள் என்றுதான் சொல்வேன். மூலப்பொருளுக்கு அலைய வேண்டாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி, அந்தப் பக்கம் பாகூர், வில்லியனூர் எல்லாம் நெல் விளையும் பூமி. அரிசி ஆலைக்குப் போனால் தவிடு கிடைக்கும். திட்டக்குடி, வேப்பூர் பக்க மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் நிறைய உண்டு, தேடினால் சோளமும் கிடைக்கும். கண்ணாடிச் சாமான்கள், கரைப்பான்கள், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஒரு ஃபியூம் ஹுட் இருந்தால் முக்கால்வாசி வேலையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே முடித்துவிடலாம். கலவையை ஆவியாக்கிப் பிரித்து, ஒவ்வொரு சேர்மத்தையும் எடையால் அடையாளம் காட்டும் கடைசிக் கட்ட ஜி.சி.-எம்.எஸ். சோதனைக்கு மட்டும் பல்கலைக்கழகக் கருவி மையம் எதற்காவது மாதிரியை அனுப்ப வேண்டியிருக்கும்.

இந்தத் தலைப்பில் வரும் ப்ராஜெக்ட் அறிக்கைகள் பலவற்றில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. "மெழுகின் வேதிக்கூறு" என்று போட்டுவிட்டு, கீழே அட்டவணையில் ஒலியிக் அமிலம், லினோலியிக் அமிலம் என்று எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் வரிசையாக நிற்கும். அது மெழுகு இல்லை, மெழுகில் ஒட்டிக்கொண்டிருந்த எண்ணெய். ஆகவே இந்த வழிகாட்டியில் எண்ணெயை நீக்குவதற்கும், நீங்கியதா என்று சரிபார்ப்பதற்கும் மற்றப் படிகளைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தவிட்டு மெழுகும் சோள மெழுகும் கையில் எடுத்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். கெட்டியாக இருக்கும், நகத்தால் கீறினால் தூளாக உதிரும், 80 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். உள்ளே இருப்பது வேறு வேறு.

தவிட்டு மெழுகு பெரும்பாலும் எஸ்டர். நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலம் ஒன்றும் நீண்ட சங்கிலி ஆல்கஹால் ஒன்றும் கைகோத்த மூலக்கூறு அது. அமிலப் பக்கம் 22 கார்பன் உள்ள பெஹெனிக் அமிலமும் 24 கார்பன் உள்ள லிக்னோசெரிக் அமிலமும் முக்கியமானவை. ஆல்கஹால் பக்கம் 24 முதல் 36, 38 கார்பன் வரை இரட்டைப்படையில் போகும். நடுவில் 30 கார்பன் உள்ள ட்ரையகான்டனால் ஓங்கி நிற்கும். இரண்டும் சேர்ந்த எஸ்டர்கள் ஏறக்குறைய 44 கார்பனிலிருந்து 64 கார்பன் வரை பரவியிருக்கும்.

சோள மணியின் மேல்தோல் மெழுகில் எஸ்டர் கொஞ்சம்தான். அதில் ஆல்டிஹைடும், எஸ்டராகச் சேராத தனி ஆல்கஹாலும்தான் பெரும்பகுதி, இரண்டிலும் 28, 30 கார்பன் சங்கிலிகளே அதிகம். அதே நீளமுள்ள தனி அமிலங்கள் சிறிதளவு இருக்கும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன் இன்னும் குறைவு. அதே சோளப் பயிரின் இலை உறையில் சாம்பல் பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருக்குமே, விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டுமே, அதுவும் மெழுகுதான். ஆனால் அதில் 28, 30 கார்பன் தனிக் கொழுப்பு அமிலங்களே மேலோங்கும். ஒரே செடியில் மணிக்கு ஒரு கூட்டு, தண்டுக்கு வேறு கூட்டு. மாதிரி எடுத்த பாகத்தை எழுதாமல் "சோள மெழுகு" என்று மொட்டையாக எழுதினால் அந்த முடிவை யாரும் பயன்படுத்த முடியாது.

மக்காச்சோள மணியின் மெழுகு எஸ்டர் பக்கம் சாயும். கோதுமை நம் ஊரில் விளையாது என்றாலும் ஒப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். கதிரும் தண்டும் நீலச்சாம்பல் நிறமாகத் தெரிகிற கோதுமை வகைகளில் பீட்டா-டைகீட்டோன் என்ற தனி வகைச் சேர்மம் நிறைய இருக்கும். அதில் முக்கியமானது 31 கார்பன் உள்ள ஹென்ட்ரையகான்டேன்-14,16-டையோன்.

இரட்டைப்படை, ஒற்றைப்படை கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. செடி தன் கொழுப்பு அமிலச் சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாகக் கூட்டி நீட்டுகிறது. அதனால் அமிலம், ஆல்டிஹைடு, ஆல்கஹால் மூன்றும் பெரும்பாலும் இரட்டைப்படையில் அமைகின்றன. ஹைட்ரோகார்பன் உருவாகும்போது ஆல்டிஹைடிலிருந்து ஒரு கார்பன் கழன்றுவிடும், ஆகவே 27, 29, 31 என்று ஒற்றைப்படை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கலப்படத்தைப் பிடிக்க ஏழாம் படியில் இது தேவைப்படும்.

படி 1: மாதிரியைத் தேர்ந்தெடுப்பது

தவிட்டில் மூன்று வகை உண்டு. பழைய ஹல்லர் ஆலைத் தவிட்டில் உமி கலந்திருக்கும், எண்ணெய் குறைவு, அதை விட்டுவிடுங்கள். நவீன ஆலையில் உமியைத் தனியே நீக்கிவிட்டு அரிசியைத் தீட்டும்போது வரும் தவிடுதான் வேண்டும். அதில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். பச்சரிசித் தவிடு என்றால் ஆலையிலிருந்து எடுத்த உடனேயே எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும். தவிட்டிலுள்ள லைப்பேஸ் நொதி எண்ணெயை உடைத்து, நாளுக்கு நாள் தனிக் கொழுப்பு அமிலத்தை ஏற்றிக்கொண்டே போகும். அன்றே கொண்டுவந்து 105 டிகிரி ஓவனில் மெல்லிய பரப்பாகப் போட்டுச் சூடாக்குங்கள். புழுங்கல் தவிட்டில் இந்தத் தொல்லை குறைவு. நெல்லை அவிக்கும்போதே நொதி செயலிழந்துவிடுகிறது.

இதைவிட நல்ல மூலம், தவிட்டு எண்ணெய் ஆலையில் தொட்டி அடியில் படியும் கசடு. மெழுகு தானாகவே செறிந்து கிடக்கும் இடம் அது. கசடு கிடைக்காவிட்டால் தவிட்டிலிருந்து நீங்களே எண்ணெய் எடுத்து, அதைக் குளிர வைத்து மெழுகைப் பிரிக்க வேண்டும். எண்ணெயில் மெழுகு 2 முதல் 5 சதவீதம். அதாவது ஒரு கிலோ தவிட்டுக்குச் சில கிராம்தான். அப்படிச் செய்தால் ஹெக்சேனைச் சூடாகவே ஓடவிடுங்கள். குளிர்ந்த ஹெக்சேனில் எண்ணெய் வந்துவிடும், மெழுகு தவிட்டிலேயே தங்கிவிடும்.

சோளத்துக்குத் தீட்டாத முழு மணி வேண்டும். கடையில் விற்கும் தீட்டிய சோளத்தில் மேல்தோலே போயிருக்கும். இன்னொன்று, சாக்கு. சணல் சாக்கு நெய்யும்போது நாருக்குப் பெட்ரோலிய எண்ணெய் விடுகிற வழக்கம் உண்டு. அந்த எண்ணெய் தானியத்தின் மேல் இறங்கும். நீங்களோ மேல்தோலைத்தான் கழுவி எடுக்கப் போகிறீர்கள். முடிந்தால் களத்திலிருந்தே நேராகக் கதிராக வாங்கி, காகிதப் பையில் கொண்டுவாருங்கள். கையால் தேய்க்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். தூசியை ஊதி எடுத்தால் போதும்.

படி 2: சோள மணியிலிருந்து மெழுகு எடுப்பது

மணியை அரைக்கக் கூடாது. மெழுகு இருப்பது மேலே, எண்ணெய் இருப்பது உள்ளே முளைக்கருவில். அரைத்தால் இரண்டும் ஒன்றாக வந்துவிடும். உடைந்த மணிகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

முழு மணி 500 கிராம், ஹெக்சேன் ஒரு லிட்டர். வட்ட அடிக் குடுவையில் போட்டு, கண்டென்சர் மாட்டி, வாட்டர் பாத்திலோ ஹீட்டிங் மேன்டிலிலோ அரை மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்யுங்கள், அதாவது ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்க விடுங்கள். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கும். சூடு ஆறுவதற்குள் வடிகட்ட வேண்டும். ஆறினால் மெழுகு வடிதாளிலேயே உறைந்து நின்றுவிடும். புனலையும் முன்கூட்டியே சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வடித்ததை ஐந்தில் ஒரு பங்காக ஆவியாக்கிச் சுருக்கி, ஐஸும் உப்பும் கலந்த தொட்டியில் சில மணி நேரம் வையுங்கள். மைனஸ் 15 டிகிரி வரை இறங்கும். கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் ஐஸ் பிளான்ட்டில் கட்டி ஐஸ் வாங்கிக்கொள்ளலாம். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஹெக்சேனை வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே தெர்மோஸ்டாட் பொறி தட்டினால் ஆவி பற்றிக்கொள்ளும். வெள்ளையாகப் படிந்ததைக் குளிரோடு வடிகட்டி, குளிர்ந்த ஹெக்சேன் கொஞ்சம் விட்டுக் கழுவி, வெற்றிட டெசிக்கேட்டரில் உலர்த்துங்கள். தானிய எடையில் 0.2 முதல் 0.3 சதவீதம் கிடைத்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 500 கிராமுக்கு ஒன்று, ஒன்றரை கிராம். ஒரேயடியாக ஒரு சதவீதம் கிடைத்தது என்றால் மகிழ வேண்டாம், எண்ணெய் வந்திருக்கிறது.

இந்த வேலை முழுவதும் ஃபியூம் ஹுட்டுக்குள்தான் நடக்க வேண்டும். பக்கத்தில் பன்சன் பர்னர் இருக்கக் கூடாது. என்-ஹெக்சேனைத் தொடர்ந்து சுவாசித்தால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படும். வீட்டுச் சமையலறையில் யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம்.

படி 3: தவிட்டுக் கசட்டிலிருந்து எண்ணெயை நீக்குவது

கசடு பழுப்பாக, பிசுபிசுப்பாக, கிரீஸ் மாதிரி வரும். பெரும்பகுதி எண்ணெய்தான். அதோடு பசை என்று சொல்லப்படும் பாஸ்போலிப்பிடுகள், நிறமிகள், கொஞ்சம் ஒரைசனால், ஸ்டீரால்கள் எல்லாம் கூட வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கரைப்பான் வேண்டும்.

எண்ணெய்க்கு அசிட்டோன். கசடு 50 கிராமுக்கு அசிட்டோன் 250 மில்லி. ஐஸ் தொட்டியில் 10 டிகிரிக்கு இறக்கி, அரை மணி நேரம் நன்றாகக் கலக்கி, வெற்றிடத்தில் வடிகட்டுங்கள். எண்ணெய் அசிட்டோனோடு போய்விடும், மெழுகு புனலில் நிற்கும். ஒரு தடவை போதாது. வடியும் அசிட்டோனின் மஞ்சள் நிறம் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். ஒரு சொட்டை வாட்ச் கிளாஸில் விட்டு உலரவிட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் தெரியாமல் இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். சித்திரை வைகாசியில் ஆய்வகத்தில் 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஐஸ் இல்லாமல் இதைச் செய்தால், சிறிய மெழுகு மூலக்கூறுகளும் கரைந்து போய், கிடைக்கும் கூறு விகிதமே மாறிவிடும்.

பாஸ்போலிப்பிடு அசிட்டோனில் கரையாது, மெழுகோடேயே நிற்கும். பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல், 15 டிகிரி குளிர்ந்த ஹெக்சேனால் ஒரு கழுவல் கொடுங்கள். பசை ஹெக்சேனில் கரையும், மெழுகு அந்தக் குளிரில் அவ்வளவாகக் கரையாது.

கடைசியாக ஐசோபுரொப்பனால். அது 82 டிகிரியில் கொதிக்கும். மெழுகின் எடையைப் போல 20 மடங்கு எடுத்து, கொதிக்கும் சூட்டில் கரைத்து, சூடாகவே வடிகட்டி, மெல்ல ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ஐஸில் வைத்தால் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு உறையும். தானாக ஆறினால் படிகம் தெளிவாக விழும். இரண்டு தடவை இப்படிச் செய்தால் பழுப்பு மங்கி இளமஞ்சள் வரும். வெளுக்க வைப்பதற்காக ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைச் சேர்ப்பதுண்டு. விற்பனைக்கு அது சரி. வேதிக்கூறு பார்க்கப் போகிற மாதிரிக்கு அதைச் செய்யாதீர்கள்.

படி 4: எளிய சோதனைகள், அதிலும் முக்கியமாகச் சோப்பாதல் எண்

உருகுநிலையைத் தந்துகிக் குழாயில் பாருங்கள். சுத்தமான தவிட்டு மெழுகு 77 முதல் 82 டிகிரிக்குள் உருகும். 70-க்குக் கீழே இளக ஆரம்பித்தால் எண்ணெய் இருக்கிறது. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று சொல்லும் அயோடின் எண் இன்னொரு நல்ல அடையாளம். மெழுகில் இரட்டைப் பிணைப்பு அநேகமாகக் கிடையாது. தவிட்டு எண்ணெயின் அயோடின் எண்ணோ 100-ஐ ஒட்டி இருக்கும்.

சோப்பாதல் எண்ணுக்கு வருவோம். ஒரு கிராம் மெழுகை முழுதாக உடைக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதுதான் இந்த எண். எண்ணெய்க்குச் செய்வது போல அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் மெழுகு உடையாது. காரத்தைக் கரைக்கும் எத்தனாலில் அது சரியாகக் கரையாது. மெழுகு 2 கிராம், டொலுயின் 20 மில்லி, அரை நார்மல் (0.5 N) செறிவில் ஆல்கஹாலிக் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 25 மில்லி. குறைந்தது நான்கு மணி நேரம் ரிஃப்ளக்ஸ். ஆறவிடாமல் சூடாகவே ஃபீனாஃப்தலீன் போட்டு, அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். மெழுகு இல்லாமல் ஒரு பிளாங்க்கும் அதே நான்கு மணி நேரம் ஓட வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைவாக எடுக்காதீர்கள். சோப்பாதல் எண் 80 என்றால் 2 கிராமுக்குப் பிளாங்க்குடன் வித்தியாசமே 5.7 மில்லிதான் வரும். மெழுகைக் குறைத்தால் பியூரெட் வாசிப்பில் வரும் சின்னப் பிழைகூட முடிவைப் புரட்டிவிடும்.

இப்போது கணக்கு. 24 கார்பன் அமிலமும் 30 கார்பன் ஆல்கஹாலும் சேர்ந்த எஸ்டரின் மூலக்கூறு எடை 789.4. பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மூலக்கூறு எடை 56.11, மில்லிகிராமில் 56,110. அதை 789.4-ஆல் வகுத்தால் 71. அந்த எஸ்டர் மட்டுமே இருந்தால் சோப்பாதல் எண் 71-தான் வர முடியும். குடும்பத்திலேயே சிறிய 44 கார்பன் எஸ்டருக்கு 86, பெரிய 64 கார்பனுக்கு 60. ஆக, அசல் மெழுகு எஸ்டர் 60-க்கும் 86-க்கும் இடையில்தான் நிற்க வேண்டும். தவிட்டு எண்ணெயின் எண்ணோ 180-க்கு மேல், 188 என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் மாதிரிக்கு 100 வந்தது என்றால்? 100-இலிருந்து 71 போக 29. 188-இலிருந்து 71 போக 117. 29-ஐ 117-ஆல் வகுத்தால் கால் பங்கு. உங்கள் "மெழுகில்" கால் பங்கு எண்ணெய் இருக்கிறது! அமெரிக்க உணவுச் சேர்க்கை விதி தவிட்டு மெழுகுக்கு உருகுநிலை 75 முதல் 80 டிகிரி, சோப்பாதல் எண் 75 முதல் 120, தனிக் கொழுப்பு அமிலம் அதிகபட்சம் 10 சதவீதம், அயோடின் எண் அதிகபட்சம் 20 என்று வரம்பு வைத்திருக்கிறது. மிட்டாய்க்கும் பழத்துக்கும் மேல்பூச்சாகப் போடுவதற்கு அந்த வரம்பு போதும். ஆனால் "வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே சுத்தமானது" என்று ஆய்வறிக்கையில் எழுத முடியாது. 115 என்பதும் வரம்புக்குள்தான்.

தனிக் கொழுப்பு அமிலமும் இந்த எண்ணை ஏற்றும் என்பதால், தனி அமிலத்தை மட்டும் காட்டும் அமில எண்ணைத் தனியாகப் பார்த்து, கழித்த பிறகே இந்தக் கணக்கைப் போடுங்கள். 90-க்கு மேல் நின்றால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள். அந்த இரண்டு நாள் உழைப்பு ஜி.சி.-க்குக் கட்டும் பணத்தைக் காப்பாற்றும்.

சோள மெழுகுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் எஸ்டர் குறைவு என்பது ஒரு காரணம். சூடான காரத்தில் ஆல்டிஹைடுகள் ஒன்றோடொன்று இணைந்து வேறு சேர்மமாக மாறிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

படி 5: மெல்லடுக்கு குரோமட்டோகிராபி

ஆய்வகத்தில் டி.எல்.சி. என்று சொல்வோமே, அதுதான். எந்த வகைச் சேர்மம் இருக்கிறது என்று ஒரே மணி நேரத்தில் கண்ணுக்குக் காட்டும் சோதனை இதைப் போல வேறில்லை.

சிலிக்கா தட்டு. ஓடும் கரைப்பான் ஹெக்சேன், டைஎத்தில் ஈதர், அசிட்டிக் அமிலம் 80:20:1. மெழுகை வெதுவெதுப்பான டொலுயினில் கரைத்து, அந்தச் சூட்டோடேயே புள்ளி வையுங்கள். ஏ.சி. அறையில் தந்துகிக்குள்ளேயே உறைந்துவிடும். ஓடி முடித்ததும் மேலிருந்து கீழாக இப்படி நிற்கும்: ஹைட்ரோகார்பன், மெழுகு எஸ்டர், ஆல்டிஹைடு, எண்ணெயின் ட்ரைகிளிசரைடு, தனிக் கொழுப்பு அமிலம், நீண்ட சங்கிலி ஆல்கஹால், அடியில் ஸ்டீரால். பக்கத்திலேயே கடையில் வாங்கிய தவிட்டு எண்ணெயை ஒரு புள்ளி வைத்து ஓட்டுங்கள். உங்கள் மாதிரியில் ட்ரைகிளிசரைடு நிற்கிறதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புள்ளியைப் பார்க்க அயோடின் ஆவியை நம்பாதீர்கள். அயோடின் இரட்டைப் பிணைப்பைத் தேடிப் பிடிக்கும். எண்ணெய் பளிச்சென்று பழுப்பாகத் தெரியும், நிறைவுற்ற மெழுகு மங்கலாக நிற்கும். எண்ணெய் அதிகம், மெழுகு குறைவு என்று தலைகீழான படம் கிடைக்கும். பிரிமுலின் சாயத்தைத் தெளித்துப் புற ஊதா விளக்கில் பார்ப்பது நல்லது. புள்ளி கெடாமலும் இருக்கும், சுரண்டி எடுத்து மேலே சோதிக்கலாம்.

சோள மெழுகுக்கு இன்னொரு தட்டு ஓட்டி, 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசின் கரைசலைத் தெளியுங்கள். எஸ்டருக்குக் கீழே இருக்கும் பட்டை மட்டும் மஞ்சளும் ஆரஞ்சுமாக எழும்பும். அதுதான் ஆல்டிஹைடு. தவிட்டு மெழுகுக்கு அதே தட்டில் அந்த இடம் அநேகமாக வெறுமையாக இருக்கும். பிளஸ் டூவில் படித்த ஒரு சோதனைதான். இரண்டு தானியங்களும் எப்படி வேறுபடுகின்றன என்று இவ்வளவு நேராகக் காட்டுவதால் மாணவர்களை இதை விடாமல் செய்யச் சொல்வேன்.

ஐ.ஆர். (அகச்சிவப்பு) கருவி இருந்தால் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டர் 1735 அலை எண் அருகிலும், தனி அமிலம் 1710 அருகிலும் காட்டும். ஆல்டிஹைடு எஸ்டரோடு ஒட்டியே விழுவதால் ஐ.ஆரை வைத்து மட்டும் முடிவு சொல்ல வேண்டாம்.

படி 6: எஸ்டரை உடைத்து அமிலத்தையும் ஆல்கஹாலையும் பிரிப்பது

இது தவிட்டு மெழுகுக்கு மட்டும். 1 நார்மல் (1 N) ஆல்கஹாலிக் காரம், டொலுயின் இரண்டோடும் எட்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ். அதன் பிறகு பாடப்புத்தகம் சொல்வது போலத் தண்ணீர் சேர்த்துப் பிரிபுனலில் குலுக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். 24 கார்பன் சோப்பும் 30 கார்பன் ஆல்கஹாலும் சேர்ந்து கெட்டி நுரையாகி, மறுநாள் வரை பிரியாது.

வேறு வழி இருக்கிறது. உடைத்த கலவையில் கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றுங்கள். சோப்பு முழுவதும் கரையாத கால்சியம் சோப்பாக விழும், ஆல்கஹாலும் அதோடு சேர்ந்து விழும். வடிகட்டி, தண்ணீரில் கழுவி, 60 டிகிரியில் நன்றாக உலர்த்தித் தூளாக்குங்கள். அந்தத் தூளை, கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் சாக்ஸ்லெட்டில் போட்டு அசிட்டோனால் ஆறு மணி நேரம் இறக்கினால் ஆல்கஹால் மட்டும் குடுவைக்கு வரும், கால்சியம் சோப்பு திம்பிள் என்ற வடிதாள் குழாயிலேயே நிற்கும். அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினால் கொழுப்பு அமிலம் மேலே மிதக்கும். இரண்டையும் தனித்தனியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஜி.சி.-எம்.எஸ்.

மாதிரியை அனுப்புவதற்கு முன் கருவி மையத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். கருவியில் கலவையைப் பிரிக்கும் குழாய் (column) 320 டிகிரி தாங்குமா, அந்தச் சூட்டில் 20 நிமிடம் நிறுத்துவார்களா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வராவிட்டால் 30 கார்பன் ஆல்கஹால் வெளியே வருவதற்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். உங்களுக்குக் கிடைப்பது எண்ணெயின் அமிலங்கள் மட்டுமே. நான் முதலில் சொன்ன அறிக்கைகளின் கதை பாதி இங்கேயும் தொடங்குகிறது. உடைக்காத 44 முதல் 64 கார்பன் எஸ்டர்களை நேராகப் பார்க்க வேண்டுமானால் இன்னும் அதிகச் சூடு தாங்கும் தனிக் குழாய் தேவை.

ஆல்கஹாலையும் அமிலத்தையும் அப்படியே ஏற்றக் கூடாது. ஆல்கஹாலை பி.எஸ்.டி.எஃப்.ஏ. என்ற வினைபொருளோடு பிரிடின் சேர்த்து 70 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ட்ரைமெத்தில்சிலில் ஈதராக்குங்கள், இதுதான் சிலிலேற்றம். அமிலத்தை மெத்தில் எஸ்டராக்குங்கள். சோள மெழுகை உடைக்காமல் நேரடியாகவே சிலிலேற்றம் செய்து அனுப்பலாம். பி.எஸ்.டி.எஃப்.ஏ. தண்ணீரைக் கண்டால் வீணாகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் கடலோரக் காற்றே ஈரத் துணியாக இருக்கும். அந்த மாதங்களில் குப்பியை ஓவனில் உலர்த்தி, நைட்ரஜன் ஊதி, திறந்த கையோடு மூடுங்கள்.

பாராஃபிலிமால் மூடாதீர்கள், அது ஹெக்சேன் பட்டால் கரையும் பெட்ரோலிய மெழுகு. பிளாஸ்டிக் டியூப், பிளாஸ்டிக் பிப்பெட் டிப் இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கிலுள்ள தாலேட்டின் உச்சிகள் (வரைபடத்தில் எழும் முனைகள்) வந்து நிற்கும். விரல் பட்டால் தோல் எண்ணெயிலுள்ள ஸ்குவாலின் வரும். எல்லாம் கண்ணாடியாக இருக்கட்டும்.

ஸ்பெக்ட்ரத்தில் எதைப் பார்ப்பது? சிலிலேற்றிய ஆல்கஹாலில் மூலக்கூறு எடையைவிட 15 குறைந்த உச்சி ஓங்கி நிற்கும். 26 கார்பனுக்கு 439, 28-க்கு 467, 30-க்கு 495. மெத்தில் எஸ்டர்களில் 74, 87 எடையுள்ள துண்டுகள் இரண்டும் வரும். பெஹெனிக் அமிலத்துக்கு மூலக்கூறு உச்சி 354, லிக்னோசெரிக்குக்கு 382. ஆல்டிஹைடு தண்ணீரை இழந்து 18 குறைந்து தெரியும். 28 கார்பனுக்கு 390, 30-க்கு 418. கணினி நூலகம் சொல்லும் பெயரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். நீண்ட சங்கிலிகளின் ஸ்பெக்ட்ரம் எல்லாம் ஒன்று போலவே இருப்பதால் அது 28-ஐ 26 என்று சொல்லும். இந்த எண்களையும், உச்சி வெளிவரும் வரிசையையும் சேர்த்துப் பார்த்தே பெயர் வையுங்கள். அளவு சொல்ல வேண்டுமானால் உச்சியின் பரப்புச் சதவீதம் போதாது. சுத்தமான ஆக்டகோசனால், ட்ரையகான்டனால் வாங்கி அளவீட்டுக் கோடு போட வேண்டும்.

ஹைட்ரோகார்பன் பகுதியைத் தனியாக ஒரு தடவை பாருங்கள். 27, 29, 31 ஓங்கி, நடுவில் 28, 30 அடங்கியிருந்தால் செடியிலிருந்து வந்தது. 24, 25, 26, 27 என்று ஒன்று விடாமல் மலை போல ஏறி இறங்கினால் பாரஃபின் மெழுகு கலந்திருக்கிறது. தனி உச்சிகளே தெரியாமல் அடியில் ஒரு மேடு மட்டும் எழும்பினால் கனிம எண்ணெய், பெரும்பாலும் சாக்கின் வேலை.

படி 8: எழுதுவதும், எழுதக் கூடாததும்

28, 30 கார்பன் ஆல்கஹால்களின் கலவைக்கு பாலிகோசனால் என்று பெயர். கரும்பு மெழுகிலிருந்து எடுத்த பாலிகோசனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று கியூபாவில் நடந்த ஆய்வுகள் சொல்லின. 2006-ல் ஜெர்மனியில் நடந்த கட்டுப்பாட்டுச் சோதனையில் அப்படி எந்தப் பயனும் தெரியவில்லை. ஆகவே அறிக்கையின் முன்னுரையில் "இதய நோய்க்கு மருந்து" என்று எழுத வேண்டாம். ட்ரையகான்டனாலைப் பற்றி எழுதலாம். அது பயிர் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று 1977-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் குதிரைமசால் என்ற தீவனப் பயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் கண்டார்கள். இன்று நம் உரக்கடைகளில் தெளிப்பு மருந்தாக விற்கிறது. தவிட்டுக் கசட்டில் அதே ஆல்கஹால் கிடக்கிறது என்பது இந்த மாவட்டத்து விவசாயிக்கு நேராகப் பொருள்படும் செய்தி.

முடிவு அட்டவணைக்கு மேலே இவை இருக்க வேண்டும்: தானியம், ரகம், பயிரின் பாகம், விளைந்த ஊர், பருவம், பச்சரிசித் தவிடா புழுங்கலா, எதில் கட்டி வந்தது, எந்தக் கரைப்பான், எந்தச் சூடு, எத்தனை நிமிடம், எண்ணெய் நீக்கிய பிறகு வந்த சோப்பாதல் எண். அட்டவணையில் முதலில் வகைகளின் சதவீதம், அதன் கீழே ஒவ்வொரு வகைக்கும் சங்கிலி நீளம். மூன்று தனித்தனி மாதிரிகளின் சராசரியைத்தான் போட வேண்டும். ஒரே மாதிரியை மூன்று தடவை ஊசி போட்டு எடுத்த சராசரி கருவியின் நிதானத்தைத்தான் காட்டும், தானியத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. மிச்ச மெழுகைக் கண்ணாடிக் குப்பியில், டெஃப்லான் மூடி போட்டு, ஃப்ரீசரில் வையுங்கள். கரைப்பான் முழுதாகப் போன பிறகுதான். சோள மெழுகு என்றால் ஜி.சி. முறை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வைக்காதீர்கள். ஆல்டிஹைடுகள் காற்றில் அமிலமாகும், ஒன்றோடொன்று சேர்ந்து கரையாத பொருளாகவும் மாறும்.